விண்ணப்பத்தில் விட்டுப்போன பாட்டி

(சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

2007ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அந்த நாட்டில் இளநிலைப் பட்டப்படிப்புக்கான விண்ணப்பங்களை யூகாஸ் என்ற அமைப்பு வாங்கிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவைக்கிறது. விண்ணப்பத்தோடு மாணவர் தம்மைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அந்தக் கட்டுரைகளைக் கணினி கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எட்டு வயதில் இரவு உடையில் ஓட்டை விழும்படி எரித்துக்கொண்ட ஒரே சம்பவத்தை 234 பேர் எழுதியிருந்தார்கள். நலிந்த தாத்தா ஒருவரைப் பற்றி 175 பேர் எழுதியிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கோ ஒரு மாதிரிக் கட்டுரையைப் பார்த்திருக்கிறார்கள். இப்படி எழுதினால்தான் இடம் கிடைக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். தங்கள் வாழ்க்கையில் எழுதத் தக்கதாக எதுவும் இல்லை என்றும் நினைத்திருக்கிறார்கள். இந்தக் கடைசி நினைப்புத்தான் என்னை வருத்துகிறது. முப்பது ஆண்டுகளாக வகுப்பறையிலும், ஓய்வு பெற்ற பிறகு இதுபோன்ற அரங்குகளிலும் நம் பிள்ளைகளிடம் நான் காண்பதும் அதுதான். இன்று மாதிரிக் கட்டுரையைத் தேடவும் தேவையில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் பத்து நொடியில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. பிழையே இருக்காது. யாருடைய பெயரை மேலே போட்டாலும் பொருந்தும். அதுதான் அதன் குறை.

சில ஆண்டுகளுக்கு முன் தொடக்கக்கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். மருந்தாளர் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. "சிறு வயது முதலே அறிவியலில் எனக்கு ஆழ்ந்த ஆர்வம் உண்டு" என்று அவள் கட்டுரை தொடங்கியது. பிறகு விருதுகள், இணைப்பாட நடவடிக்கை, தலைமைத்துவப் பயிற்சி முகாம். படித்து முடித்தபோது அவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. தாளை ஓரமாக வைத்துவிட்டு, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்று கேட்டேன். ஐந்தரைக்கு என்றாள். பேருந்துக்கு அவ்வளவு சீக்கிரமா என்றேன். "இல்லை ஐயா, பாட்டிக்கு மாத்திரை எடுத்து வைக்க வேண்டும்."

எத்தனை மாத்திரை? ஏழு. பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்; உறைகளில் ஆங்கிலம். ஒருமுறை பலதுறை மருந்தகத்தில் இரத்த அழுத்த மாத்திரையை வேறொரு நிறுவனத் தயாரிப்பாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மருந்து அதேதான். முன்பு இளஞ்சிவப்பு, இப்போது வெள்ளை. பாட்டி அதைப் புதிய மருந்து என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருந்த பழையதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டார். மறுநாள் காலை குளியலறை வாசலில் தலைசுற்றி விழுந்தார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை.

அதன் பிறகு இந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியிருக்கிறாள். காலியான மாத்திரை அட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டி, பக்கத்தில் தமிழில் பெயர், எதற்காக, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா. நிறம் மாறினால் புதுத் துண்டைப் பழையதன் பக்கத்திலேயே ஒட்டி, நடுவில் சமக்குறி போட்டுவிடுவாள். ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் இரண்டு மூதாட்டிகள் அதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் செய்து கொடுத்திருக்கிறாள்.

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது வீட்டு வேலைதானே ஐயா" என்றாள்.

தாத்தா பாட்டியைப் பற்றி எழுதக்கூடாது என்பதல்ல என் கட்சி. அந்த 175 பேரில் உண்மையிலேயே தாத்தாவைப் பார்த்துக்கொண்ட பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். ஆனால் நலிந்த தாத்தா யார் வீட்டிலும் இருக்கலாம். வெள்ளை மாத்திரைக்கும் இளஞ்சிவப்பு மாத்திரைக்கும் நடுவே சமக்குறி போட்ட நோட்டுப் புத்தகம் அவள் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

அவளுக்கு இடம் கிடைத்தது. கட்டுரையால்தான் கிடைத்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. அவள் புள்ளிகளும் நன்றாக இருந்தன. நேர்முகத் தேர்வில் மட்டும் பயமில்லாமல் பேசியதாகச் சொன்னாள். எதைப் பற்றிக் கேட்டாலும் தான் செய்ததைத்தானே சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறானதை என் கையாலேயே செய்திருக்கிறேன். அதையும் இந்த மேடையில் சொல்லிவிட வேண்டும். என் அக்காள் மகன் விண்ணப்பித்தபோது, நேரம் இல்லையென்று அவன் கட்டுரையை நானே உட்கார்ந்து எழுதினேன். அழகாக இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். நேர்முகத் தேர்வில் ஒரு பேராசிரியர் அதிலிருந்து ஒரு வரியைப் படித்து, இதைக் கொஞ்சம் விளக்கு என்று கேட்டிருக்கிறார். அவனால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து, "மாமா, அது நான் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது" என்றான். இடம் கிடைக்காததைவிட அந்த வாக்கியம்தான் எனக்கு இன்றும் வலிக்கிறது. சொந்தமாகச் சொல்ல அவனிடம் எவ்வளவோ இருந்தது. நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஆகவே பெற்றோர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எழுதித் தராதீர்கள். கேளுங்கள். "உன் இலட்சியம் என்ன?" என்று கேட்டால் மேடைப் பதில்தான் வரும். போன மாதம் எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை? எந்தப் பாடத்தில் ஆசிரியர் சொன்னதை உன்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை? நண்பர்கள் எதற்காக உன்னைத் தேடி வருகிறார்கள்? எதைத் தொடங்கிப் பாதியில் விட்டாய், ஏன்? இப்படிக் கேளுங்கள். பதில் வந்ததும் அறிவுரை சொல்லாதீர்கள். இது கடினம் என்று எனக்குத் தெரியும். அப்பா அம்மாவிடம் சொல்ல முடியாததை அத்தையிடமோ சித்தப்பாவிடமோ சொல்லும் பிள்ளை இருந்தால், அவர்கள் கேட்கட்டும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன்.

தொடக்கக்கல்லூரிப் படிப்பின் முடிவில் எழுதும் மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வழக்கமாகப் பிப்ரவரி கடைசியில் வருகின்றன. அதன் பிறகு விண்ணப்பிக்கச் சில வாரங்களே கிடைக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி விண்ணப்பம். அந்த அவசரத்தில் தன்னைப் பற்றி யோசிக்க எந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளையாலும் முடியாது. தேர்வு முடிந்த டிசம்பர் விடுமுறையில் யோசித்து வைத்திருந்தால் மார்ச்சில் தட்டச்சு செய்வது மட்டுமே பாக்கி. பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இன்னும் நெருக்கடி. மருத்துவத்துக்கும் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் அக்டோபர் 15 கடைசி நாள். இங்கே அது முன்னோட்டத் தேர்வுக்கும் மேல்நிலைத் தேர்வுக்கும் இடையே மூச்சுவிட நேரமில்லாத காலம். 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் பழைய ஒற்றைக் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டது. மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துக்குறிகள். மூன்றாவது கேள்வி, கல்விக்கு வெளியே என்ன செய்து உன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டாய் என்பது. அந்த நோட்டுப் புத்தகத்தை இப்போது நினைத்துப் பாருங்கள்.

இங்குள்ள பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான புள்ளிக் கணக்கும் மாறியிருக்கிறது. முன்பு உச்சம் 90. 2026 சேர்க்கை முதல் 70. எச்2 எனப்படும் முதன்மைப் பாடங்கள் மூன்றுக்கு 60, பொதுத்தாள் என்ற ஆங்கிலத் தாளுக்கு 10. நான்காவது பாடத்தையும் தாய்மொழியையும் சேர்த்தால் புள்ளி உயரும் என்றால் மட்டுமே சேர்க்கிறார்கள். தமிழ் நம் பிள்ளையின் புள்ளியை உயர்த்தலாம், இழுத்துவிடாது. "தமிழை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்" என்று சொல்லும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி. கட்டணத்தை நினைத்து விண்ணப்பிக்காமலே நின்றுவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கல்விக் கட்டணக் கடன், மானியத்துக்குப் பிறகு கட்ட வேண்டிய தொகையில் 90 விழுக்காடு வரை தரும். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவிநிதி உண்டு. பெற்றோரின் மத்திய சேமநிதியிலிருந்து எடுத்துக் கட்டவும் திட்டம் இருக்கிறது. பீட்டி சாலையில் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் அலுவலகம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. நிரந்தரவாசிகளாக இருப்பவர்கள் கல்விக் கட்டண மானியம் பெற்றால் படித்து முடித்து மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். கையெழுத்திடும் முன் பிள்ளையும் அதைப் படித்துப் பார்க்கட்டும்.

தேசிய சேவை என்ற இரண்டாண்டுக் கட்டாயச் சேவைக்குப் போகும் மகன்களுக்கு ஒரு வார்த்தை. இடம் கிடைத்ததை உறுதி செய்துவிட்டுச் சேவைக்குப் போகலாம், இடம் காத்திருக்கும். ஆனால் இரண்டு ஆண்டில் மனம் மாறி வருபவர்கள் உண்டு. பொறியியலுக்குச் சேர்ந்து, படை மருத்துவ உதவியாளராக வேலை பார்த்த பிறகு இயன்முறை மருத்துவம்தான் வேண்டும் என்று வந்த ஒருவனை எனக்குத் தெரியும். அவன் அப்பா மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. அந்த மூன்று மாதத்தில்தான் அவன் மறுபடியும் விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. யாருடைய உதவி அவனுக்கு அதிகம் தேவைப்பட்டதோ, அவர் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இதே அரங்கில் மாணவர்களோடு ஒவ்வொருவராக உட்காரப்போகிறோம். நாங்கள் ஐந்து பேர் இருப்போம், எல்லோரும் முன்னாள் ஆசிரியர்கள். எழுதிய கட்டுரை எதுவும் வேண்டாம். சான்றிதழ் கோப்பும் வேண்டாம். வீட்டில் நீங்கள் அடிக்கடி கையில் எடுக்கும் ஒரு பொருளைக் கொண்டுவாருங்கள்: ஒரு கருவி, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு சமையல் பாத்திரமாக இருந்தாலும் சரி. அதிலிருந்து பேச்சைத் தொடங்குவோம். ஒருவருக்கு நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் பெற்றோர்கள் தயவுசெய்து கீழே காப்பிக்கடையில் காத்திருங்கள்.