கல்யாண மண்டபம் "முடியாது" என்று சொல்லலாமா? இரண்டு டெல்டாக்களின் கதை

(திரையில்: பூட்டிக் கிடக்கும் கல்யாண மண்டபம், வாசலில் வாடிய வாழைமரம்)

வணக்கம் மக்களே. ஒரு காட்சியைக் கற்பனை செய்யுங்கள். கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபம். தை மாதம், வளர்பிறை முகூர்த்தம், அதிசயமாகத் தேதி காலியாக இருக்கிறது. அட்வான்ஸ் உங்கள் கையில். மேனேஜர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து "பொண்ணு பேரு?" என்கிறார். "பொண்ணு இல்லைங்க, ரெண்டு பேரும் பையன்தான்" என்கிறீர்கள். அவர் பேனாவை மூடுகிறார். "எங்க சாமிக்கு இது ஆகாது தம்பி."

அப்படிச் சொல்ல அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

காவிரி டெல்டாவில் பதில் குழப்பமானது, கடைசியில் வருகிறேன். ஆனால் பூமிக்கு அந்தப் பக்கம் இன்னொரு டெல்டா இருக்கிறது. அங்கே பதிலைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். தாராளமாக மறுக்கலாம்!

அதுதான் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம். அங்கே டெல்டா என்று அவர்கள் சொல்வது, ஆறு கடலில் கலக்கும் இடத்தை இல்லை. மிசிசிப்பி, யாசூ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் கிடக்கும் வண்டல் மண். கடல் எங்கேயோ இருக்கிறது. பூம்புகார்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நமக்கு நெல், அவர்களுக்குப் பருத்தி. நமக்கு நாதஸ்வரம், அவர்களுக்கு ப்ளூஸ் என்ற இசை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

2016 ஏப்ரலில் மிசிசிப்பி ஆளுநர் ஃபில் பிரையன்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வழக்குகளைத் தாண்டி அது நடைமுறைக்கு வந்தது 2017 அக்டோபரில். திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடப்பதுதான் என்று ஒருவர் மத நம்பிக்கையாக வைத்திருந்தால், கல்யாண வேலைகளை அவர் மறுக்கலாம். அதற்காக அரசு அவரைத் தண்டிக்கக் கூடாது. இதுதான் சாரம்.

எனக்குப் பிடித்தது அதில் உள்ள பட்டியல். எந்தெந்தத் தொழில் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். புகைப்படம், வீடியோ, டிஜே, அச்சுவேலை, பூ அலங்காரம், ஆடை தைப்பது, கேக், மண்டப வாடகை, வாடகைக் கார், நகை வியாபாரம். ஏதோ நம் ஊர் பெண் வீட்டார் செலவுக் கணக்கு எழுதியது போல இருக்கிறது. நாம் எழுதியிருந்தால் முதல் பெயர் சமையல் கான்ட்ராக்டர், அது வேறு விஷயம். ஆனால் அந்தப் பட்டியலில் இன்னொரு தொழிலும் இருக்கிறது. கவிதை. ஆமாம், கவிதை!

அமெரிக்காவில் கல்யாணத்துக்குக் காசு கொடுத்துக் கவிதை வாங்குபவர்கள் எத்தனை பேரோ. நம் பக்கம் அது ரொம்ப சாதாரணம். மன்னார்குடிப் பக்கம் ஒரு வரவேற்பில் நான் நேரில் பார்த்தேன். கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடலோடு ஓய்வு பெற்ற தமிழய்யா மேடை ஏறினார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். இருபது நிமிடம் படித்தார். மணமகளை "அன்ன நடையாள்" என்றார். அந்தப் பெண் காலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். பந்தியில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. அந்தத் தமிழய்யாவுக்கும் மிசிசிப்பியில் சட்டப் பாதுகாப்பு உண்டு. இரண்டு மணமகன்களுக்கு என்னால் பாட முடியாது என்று அவர் சொல்லிவிடலாம்.

கேட்டால், எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை. மனதில் இல்லாததைப் பாடு என்று ஒரு புலவரைக் கட்டாயப்படுத்தினால் என்ன பாட்டு வரும்? நம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் என்றால் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றவர். கலைஞனுக்கு "மாட்டேன்" என்று சொல்லும் உரிமை வேண்டும். ஆனால் வாடகைக் கார் என்ன கலை? அம்பாசடர் சாவியைத் திருப்புவதில் என்ன கருத்துச் சுதந்திரம்? கவிதையையும் காரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்ததுதான் அந்தச் சட்டத்தின் தந்திரம் என்பேன்.

இன்னொரு வேடிக்கை. தன்பாலீர்ப்பாளர்களைக் கடைகள் மறுக்கக் கூடாது என்று மிசிசிப்பியில் மாநிலச் சட்டம் எதுவும் இருந்ததே இல்லை. அதாவது ஏற்கெனவே மறுக்கலாம்தான். இல்லாத பூட்டுக்கு ஒரு சாவி செய்தார்கள்.

பின்னணி வேகமாக, தூங்கிவிடாதீர்கள்: 1993இல் கிளின்டன் காலத்தில் மத சுதந்திரத்துக்கு ஒரு மத்திய சட்டம், அதைப் பார்த்துப் பல மாநிலங்களில் அதேபோல், 2014இல் அரிசோனாவில் ஆளுநரே ரத்து செய்த ஒரு மசோதா, 2015இல் இண்டியானாவில் போட்டு, எதிர்ப்பு வந்ததும் ஒரே வாரத்தில் திருத்திய ஒரு சட்டம், அதே ஆண்டு ஜூன் 26இல் நாடு முழுக்கத் தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும் என்ற தீர்ப்பு. முடிந்தது.

உண்மையான சண்டை, மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிற கொலராடோவில் நடந்தது. 2012இல் இரண்டு ஆண்கள் கல்யாண கேக் கேட்டார்கள், கடைக்காரர் மறுத்தார். 2018இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று கடைக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மறுக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. மறுத்தது தவறு என்று உத்தரவு போட்ட மாநில ஆணையம், விசாரணையில் அவருடைய மதத்தை இளக்காரமாகப் பேசியது, அதனால் அந்த உத்தரவு செல்லாது, அவ்வளவுதான். ஆறு வருடம் வழக்கு நடத்தி, நடுவர் சரியில்லை என்று ஆட்டத்தை ரத்து செய்த மாதிரி.

அப்புறம் 2023, அதே கொலராடோவில் வெப்சைட் வடிவமைக்கும் ஒரு பெண். அவர் அதுவரை ஒரு கல்யாண வெப்சைட்கூடச் செய்ததில்லை. செய்ய ஆரம்பித்தால் மறுக்க வேண்டி வருமே என்று முன்கூட்டியே 2016இல் வழக்குப் போட்டார். பந்தி போடும் முன்பே இலையை எடுத்த கதை. இன்னோர் ஆணோடு நடக்கப்போகும் கல்யாணத்துக்கு வேலை செய்து தரச் சொல்லி, ஓர் ஆணின் பெயரில் வந்த விண்ணப்பம் ஒன்றை வழக்கில் காட்டியிருந்தார்கள். ஒரு பத்திரிகையாளர் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். எடுத்தவர், "நான் எதுவும் அனுப்பவில்லை, எனக்கு ஏற்கெனவே ஒரு பெண்ணோடு கல்யாணம் ஆகிவிட்டது, நானே வெப்சைட் செய்பவன்தான்" என்றார். தீர்ப்பு அந்த விண்ணப்பத்தை நம்பி வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 3, அந்தப் பெண் ஜெயித்தார். அடிப்படை மதம் இல்லை, பேச்சுரிமை. தன் கருத்துக்கு மாறானதை எழுதித் தரும்படி அரசு கட்டாயப்படுத்தக் கூடாது.

இங்கேதான் நம் ஃப்ளெக்ஸ் கடை வருகிறது. அதற்கு முன் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்த ஒரு வழக்கு. ஒருவர் கேக் கேட்டார், விலை 36.50 பவுண்டு. மேலே "தன்பாலினத் திருமணத்தை ஆதரியுங்கள்" என்று எழுத வேண்டும். கடை மறுத்தது. 2018இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் கடை பக்கம். அவர்கள் ஆளை மறுக்கவில்லை, வாசகத்தை மறுத்தார்கள். யார் வந்து கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார்கள் என்றார்கள்.

எங்கள் தெரு ஃப்ளெக்ஸ் கடை அண்ணனிடம் இதைச் சொன்னேன். மவுஸிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். "தம்பி, எலக்‌ஷன் வந்தா ரெண்டு கட்சிக்கும் நான்தான் அடிக்கிறேன். ஒருத்தன ஒருத்தன் திட்டுறதையும் நான்தான் அடிக்கிறேன். அதெல்லாம் என் கருத்துன்னா நான் எப்பவோ ரெண்டா கிழிஞ்சிருப்பேன்." சட்டப் புத்தகத்தில் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை. அப்புறம் அவரே ஒரு நிமிடம் யோசித்துச் சொன்னார்: "ஆனா சாதிப் பேரைப் போட்டு இன்னொருத்தன வெட்டுவேன்னு எழுதச் சொன்னா அடிக்க மாட்டேன்." சரிதானே. வாசகத்தை மறுப்பது வேறு. ஆனால் பெயர், தேதி, மண்டபம், ஒரு பிள்ளையார் சுழி மட்டும் உள்ள பேனரை, பெயர்கள் இரண்டும் ஆண் பெயர் என்பதற்காக மறுத்தால்? அது ஆளை மறுப்பது. 2023 தீர்ப்பு இந்தக் கோட்டை அழித்துவிட்டது என்பது என் கருத்து. அந்தத் தீர்ப்பை எதிர்த்து எழுதிய நீதிபதி சோட்டோமேயரும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார்.

(திரையில்: கொட்டாங்கச்சி)

இதைப் பாருங்கள். 1964இல் இன, நிற வேறுபாடு பார்த்து உணவகங்கள் மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. தெற்குக் கரோலினாவில் பார்பிக்யூ கடைகள் வைத்திருந்த ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். இனங்கள் கலப்பது கடவுளுக்கு ஆகாது, கறுப்பினத்தவருக்குப் பரிமாறச் சொன்னால் என் மத சுதந்திரம் போய்விடும் என்றார். கவனித்தீர்களா, அதே வாதம். ஆனால் அவர்கள் காசை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை! சமையலறை ஜன்னலில் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். கடையில் உட்கார்ந்து சாப்பிடத்தான் கூடாது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. சமையலறை ஜன்னல். நம் டெல்டா டீக்கடைகளில் அதற்குப் பெயர் கொட்டாங்கச்சி. பிறகு இரட்டைக் குவளை. பெஞ்சில் உட்காருபவருக்கு ஒரு கிளாஸ், வெளியே நிற்பவருக்கு வேறு கிளாஸ், அதைக் கழுவி வைக்க வேண்டியதும் அவரே. காசு மட்டும் ஒரே கல்லாவில் விழும். அங்கேயும் "சாமிக்கு ஆகாது" என்றுதான் சொன்னார்கள். 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கடைக்காரரின் மத வாதத்தை எங்கே தள்ளுபடி செய்தது தெரியுமா? ஓர் அடிக்குறிப்பில். தீர்ப்பின் முக்கிய விஷயமே வக்கீல் ஃபீஸ்தான்!

நாம் அதை அடிக்குறிப்பில் விடவில்லை. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவில் கடைகள், உணவகங்கள், குளங்கள், படித்துறைகள் என்று பெயர் சொல்லியே எழுதினோம். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது. தன்பாலீர்ப்பு என்ற சொல் அதில் இல்லை. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை 2018 செப்டம்பர் 6இல் தளர்த்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் "பால்" என்பதற்குள் அதுவும் அடங்கும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். திருநர்களை மறுக்கக் கூடாது என்று 2019 சட்டம் நேரடியாகவே சொல்கிறது. தன்பாலின இணையருக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. திருமண உரிமையும் 2023 அக்டோபர் 17இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் கிடைக்கவில்லை.

ஆக, இங்கே மறுப்பதற்கு மத நம்பிக்கையைக்கூட இழுக்க வேண்டாம். "மண்டபம் புக் ஆயிடுச்சு தம்பி" என்றால் போதும்.

நான் நிஜமாகவே ஒரு மேனேஜரிடம் கேட்டேன். ஆடி மாதம், மனிதர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார், அதனால் பொறுமையாகப் பேசினார். ரசீதில் மணமகன், மணமகள் என்று இரண்டு கட்டம். "ரெண்டாவது பையன் பேர எங்க எழுதுறது?" என்று உண்மையாகவே யோசித்தார். "அடிச்சிட்டு எழுதிக்கலாம். வயசுக்கு ஆதார் ஜெராக்ஸ் வேணும். ஜெனரேட்டருக்குத் தனி." சாமி பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுந்திருக்கும்போது கூப்பிட்டார்.

"தம்பி, முகூர்த்த நேரத்துல ரெண்டு வீட்டு ஆளுங்களும் கட்டையத் தூக்கிட்டு வந்தா, நான் யாருக்குப் போன் போடணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் கமென்டில் எழுதுங்கள், அவரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.