டம்ளரைக் கவிழ்ப்பதிலிருந்து தொடங்குங்கள்

வணக்கம். என் முன்னால் மேசையில் ஓர் எவர்சில்வர் டம்ளரும் பாத்திரம் துலக்கும் நாரும் இருப்பதைப் பார்க்கிறீர்கள். தீவிர அறிவுசார் குறைபாடும் அதனோடு வேறு சில குறைபாடுகளும் சேர்ந்துள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவேலையை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதை இந்த ஒரு டம்ளரை வைத்தே விளக்க விரும்புகிறேன். சிறப்பு ஆசிரியராக நான் கற்பிக்கும் பிள்ளைகளில் பலர் பேசுவதில்லை. சிலருக்கு விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. ஆனாலும் அவர்கள் கற்கிறார்கள்.

டம்ளர் கழுவுவதை ஒரே வேலை என்று நாம் நினைக்கிறோம். எண்ணிப் பார்த்தால் அதற்குள் எட்டு வேலைகள் இருக்கின்றன. மீதியிருப்பதைக் கொட்ட வேண்டும், தண்ணீரில் நனைக்க வேண்டும், நாரில் சோப்பைத் தொட வேண்டும், உட்புறம் தேய்க்க வேண்டும், வெளிப்புறம் தேய்க்க வேண்டும், அலச வேண்டும், நீரை உதற வேண்டும், கடைசியாகக் கூடையில் கவிழ்க்க வேண்டும். இப்படிப் பிரிப்பதற்கு முன், நீங்களே ஒருமுறை இடக்கையால் மட்டும் கழுவிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் எந்த விரல் எங்கே தடுமாறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

எட்டையும் பிரித்த பிறகு, முதல் படியிலிருந்து தொடங்காதீர்கள். பிள்ளையின் கைமேல் உங்கள் கையை வைத்து ஏழு படிகளையும் சேர்ந்தே செய்யுங்கள். எட்டாவதான கவிழ்ப்பதை மட்டும் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். கவிழ்த்ததும் வேலை முடிகிறது, டம்ளர் பளபளக்கிறது, அம்மாவின் முகம் மலர்கிறது. அந்த நிறைவு பிள்ளை தானாகச் செய்த செயலை ஒட்டியே வருவதால், அடுத்த நாளும் அந்த இடத்துக்கு வந்து நிற்க அதற்கு விருப்பம் பிறக்கிறது. கவிழ்ப்பது உறுதியானதும் உதறுவதையும் அதனிடம் விடுங்கள், பிறகு அலசுவதை. முதலிலிருந்து தொடங்கினால், கொட்டிவிட்டு நிற்கும் பிள்ளையின் கையிலிருந்து நாமே டம்ளரை வாங்கி மீதியை முடிப்போம். தொடங்கிய வேலை ஒவ்வொரு நாளும் இன்னொருவர் கையில் முடிவதைத்தான் அது பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி நம் கையை எடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோரும் ஆசிரியரும் மிகவும் தவறுவது இங்கேதான். பிள்ளையின் விரல்மேல் இருக்கும் நம் கை, சில நாள்களில் மணிக்கட்டுக்குப் போக வேண்டும், பிறகு முழங்கைக்கு, அதன்பின் தொடாமல் வெறும் சைகைக்கு. ஒவ்வொரு முறையும் உதவுவதற்கு முன் மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணிக்கை தாங்க முடியாத நீளமாகத் தோன்றும். ஆயினும் தசை இறுக்கம் உள்ள பிள்ளை தன் கையை அசைக்க முடிவெடுத்து அசைப்பதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படலாம். கூடவே, பேச்சைக் குறையுங்கள். ‘எடு, தேய், அலசு’ என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தால், பிள்ளை டம்ளரைப் பார்க்காமல் நம் வாயைப் பார்த்துக் காத்திருக்கப் பழகிவிடும். கையை விலக்குவதைவிடக் குரலை விலக்குவது கடினம் என்பதே என் அனுபவம். அமெரிக்காவில் 1970களில் மார்க் கோல்ட் என்பவர், கடுமையான அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்குப் பதினைந்து பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்பித்துக் காட்டினார். கற்கவில்லை என்றால் கற்பிக்கும் வழியை மாற்று என்பதுதான் அவருடைய நிலைப்பாடு. அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

நம் சென்னையிலேயே ஜெயச்சந்திரன், விமலா ஆகியோர் உருவாக்கிய ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ என்ற மதிப்பீட்டு முறை இருக்கிறது. பதினெட்டுப் பிரிவுகள், ஒவ்வொன்றிலும் இருபது திறன்கள், ஆக மொத்தம் 360. உண்பது, உடுப்பது, பணம், நேரம் ஆகியவற்றுக்கு இருப்பதுபோலவே வீட்டுவேலைக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. எழுத்தும் எண்ணும்தான் படிப்பு, பாத்திரம் கழுவுவதற்குப் பள்ளிக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்கும் பெற்றோரிடம் நான் இதைக் காட்டுவதுண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பதினெட்டு வயதுவரை கட்டணமில்லாக் கல்விக்கு உரிமை தருகிறது. அதன்பின் என் மாணவர்களில் பலருக்கு முழுநாளும் வீடுதான். அந்த வீட்டில் தனக்கென்று ஒரு வேலை இருப்பவரும், காலைமுதல் இரவுவரை ஒரு மூலையில் உட்காரவைக்கப்பட்டவரும் வாழும் வாழ்க்கை ஒன்றல்ல. ஆண்பிள்ளைக்கு இது எதற்கு என்று சொல்பவர்களிடமும் எனக்கு இதே பதில்தான்.

நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவனுக்குத் துணி மடிக்கக் கற்றுக்கொடுத்தேன். வகுப்பறையில், உயரமான மேசைமேல், ஒரே அளவுள்ள கைத்துண்டுகளை மாதக்கணக்கில் மடித்தான், நான் பெருமைப்பட்டேன். வீட்டில் ஒன்றுகூட மடிக்கவில்லை. போய்ப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அங்கே தரையில் உட்கார்ந்துதான் மடிக்கிறார்கள். குவியலில் லுங்கியும் நைட்டியும் பள்ளிச் சீருடையும் கலந்து கிடக்கின்றன. அவனுக்கு அது முற்றிலும் வேறு வேலை. அன்றிலிருந்து அந்தந்த வீட்டின் பாயையும் வாளியையும் துணியையும் கேட்டு வாங்கி வகுப்பில் பயன்படுத்துகிறேன், முடிந்தபோதெல்லாம் வீட்டுக்கே போய்க் கற்பிக்கிறேன்.

முழு வேலையையும் செய்ய இயலாத பிள்ளைகளுக்கு வேலையில் ஒரு பங்கைக் கொடுங்கள். மூளை முடக்குவாதத்தால் கைகளைப் பயன்படுத்த முடியாத ஒரு மாணவி, தலையால் அழுத்தும் பெரிய ஸ்விட்ச் ஒன்றின் மூலம் மிக்ஸியை ஓட்டுகிறாள். மின்சாரம் நேராக அவளிடம் வராதபடி இடையில் பாதுகாப்புக் கருவி உண்டு. ஜாரின் மூடியைப் பெரியவர் ஒருவர் பிடித்திருப்பார். தேங்காயா, கொத்தமல்லியா என்று இரண்டையும் காட்டினால் பார்வையாலேயே ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். அன்று வீடு முழுவதும் அந்தச் சட்னிதான். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, கருவேப்பிலை உருவுவது எல்லாம் இப்படிப் பங்கு பிரிக்க ஏற்றவை. வலிப்பு வரும் பிள்ளைகளை அடுப்பருகிலும் கிணற்றருகிலும் ஒருபோதும் தனியே விடாதீர்கள். சோப்பு நுரை கையில் படுவதைச் சிலரால் தாங்க முடியாது. அவர்களுக்குக் கையுறை கொடுங்கள், அல்லது நுரையே இல்லாத அலசும் வேலையைக் கொடுங்கள்.

இன்றிரவு எட்டுப் படிகளையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு நாளும் எந்தப் படியில் தொட்டு உதவினீர்கள், எதில் சைகை போதுமாக இருந்தது, எதில் பிள்ளை தானாகச் செய்தது என்று குறியுங்கள். கடைசிப் படியில் தொடர்ந்து மூன்று நாள் உதவி தேவைப்படவில்லை என்றால், நான்காம் நாள் உதறுவதற்கு முன்பே உங்கள் கையை எடுத்துவிடுங்கள்.