இளகிய கறியைத் திரும்ப உறைய வைக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

உணவுப் பாதுகாப்பு பற்றி எங்கே பேசப் போனாலும், பேச்சு முடிந்த பிறகு யாராவது ஒருவர் தனியே வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஃப்ரீஸர்ல இருந்து கறியை வெளியே எடுத்துட்டேன், அப்புறம் சமைக்க முடியலை. திரும்ப உள்ளே வைக்கலாமா?" கேட்கும்போதே குரலில் ஒரு பயம் இருக்கும். ஒருமுறை ஐஸ் இளகிய கறியைத் திரும்ப உறைய வைத்தால் விஷமாகிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

அப்படியெல்லாம் ஆகாது. உறைய வைப்பதால் கறி கெடுவதில்லை. இளகிக் கிடந்த நேரத்தில்தான் கெடுகிறது. அதனால் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எங்கே வைத்து இளக விட்டீர்கள், எவ்வளவு நேரம்?

ஃப்ரீஸரில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் பாக்டீரியாக்கள் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலானவை சாவதில்லை. பெருகாமல் அப்படியே கிடக்கின்றன, அவ்வளவுதான். குளிர் விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம்தான் அவற்றுக்கு வசதி. நல்ல வெதுவெதுப்பு கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். அதே வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் 8, இரண்டு மணி நேரத்தில் 64, நான்கு மணி நேரத்தில் 4,096. கணக்குப் போட்டுப் பார்த்தால் யாருக்கும் கை நடுங்கும்.

இப்போது சமையல் மேடையில் காலையில் எடுத்து வைத்த பாக்கெட்டை நினைத்துப் பாருங்கள். எடுக்கும்போது கல் மாதிரி இருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து அழுத்திப் பார்க்கிறோம். ஓரத்தில் விரல் பதிகிறது, நடுவில் இன்னும் கல்தான். "சரி, இன்னும் இளகலை" என்று விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறோம். நாம் நடுவைப் பார்த்து நேரம் கணக்கிடுகிறோம். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் இருப்பதோ மேற்பரப்பில். அந்த மேற்பரப்பு 5 டிகிரியைத் தாண்டி எவ்வளவோ நேரமாகியிருக்கும்.

"எப்படியும் நல்லா கொதிக்க வைக்கத்தானே போறோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கொதித்தால் பாக்டீரியா சாகும், உண்மை. ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஒரு வகை, கறியில் பெருகும்போதே நச்சை வெளியே விட்டுவிடும். அந்த நச்சு கொதிக்கும் சூட்டையும் தாங்கும். அடுப்பால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது.

இளக வைக்க நல்ல இடம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு. நேரம் பிடிக்கும். அரைக் கிலோவுக்கே ஒரு நாள் விடுவது நல்லது. இரண்டு கிலோ முழுக்கோழி என்றால் ஒரு நாளைத் தாண்டவும் செய்யும். முந்தின நாளே எடுத்து வைக்க வேண்டும். அடியில் விளிம்புள்ள ஒரு தட்டு கட்டாயம்.

இந்தத் தட்டை நான் வலியுறுத்த ஒரு காரணம் இருக்கிறது. ஒருமுறை என் வீட்டில் பாக்கெட்டை மேல்தட்டில் வெறுமனே வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால், பாக்கெட்டின் மூலையில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதன் வழியே இளஞ்சிவப்பு நீர் கசிந்து, கண்ணாடித் தட்டின் விளிம்பில் இறங்கி, கீழே குழந்தைக்காக நறுக்கி வைத்திருந்த பழத்தின் மேல் சொட்டியிருந்தது. கழுவிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் மனம் போனது. அத்தனையையும் கொட்டினேன். கறியையாவது சமைத்துச் சாப்பிடுகிறோம், பழத்தை அப்படியே அல்லவா கொடுப்போம்? அந்த நீரை ரத்தம் என்று நினைப்பார்கள். அது தசையிலுள்ள மையோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர்.

ஒரு நாள் காத்திருக்க முடியாதென்றால் குளிர்ந்த தண்ணீர். நீர் புகாத பையில் போட்டு முழுக வைத்து, 30 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். அரைக் கிலோ ஒரு மணி நேரத்துக்குள் இளகிவிடும். வெந்நீர் வேண்டாம், சமையல் மேடையில் நடப்பதே அங்கே இன்னும் வேகமாக நடக்கும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரங்கள் வேகத் தொடங்கியிருக்கும், எடுத்த கையோடு சமைத்துவிடுங்கள். எதற்கும் நேரமில்லையா? உறைந்த துண்டுகளை அப்படியே அடுப்பில் ஏற்றலாம். வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு நேரம் ஆகும்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளகிய கறி என்றால் சமைக்காமலே திரும்ப ஃப்ரீஸரில் வைக்கலாம். கோழி, கொத்துக்கறி, மீன் என்றால் இளகி ஒன்றிரண்டு நாளுக்குள். ஆடு, மாடு போன்ற பெரிய துண்டுகள் என்றால் மூன்று முதல் ஐந்து நாளுக்குள். தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ இளகியது என்றால் சமைத்த பிறகுதான் உறைய வைக்க வேண்டும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததா? தூக்கிப் போடுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் காய்கிற நாளென்றால் ஒரு மணி நேரம்தான் கெடு. காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வராது, எனக்கும் வராது. ஆனால் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் தரும் பாக்டீரியா பலவற்றுக்கு வாசனையே கிடையாது.

திரும்ப உறைந்த கறி சற்றுச் சக்கையாக இருக்கும். வீட்டு ஃப்ரீஸர் மெதுவாகத்தான் உறைய வைக்கும். மெதுவாக உறைந்தால் ஐஸ் படிகங்கள் பெரிதாகித் தசைச் செல்களைக் கிழிக்கும். ஒவ்வொரு முறை இளகும்போதும் கொஞ்சம் சாறு வெளியே போய்விடும். குழம்பாக வைத்தால் அவ்வளவாகத் தெரியாது.

இந்தத் தொல்லையே வராமலிருக்க ஒரு வழி சொல்கிறேன். வாங்கி வந்த அன்றே, ஒரு வேளைக்கு ஆகிற அளவாகப் பிரித்துப் பைகளில் போடுங்கள். காற்றை அழுத்தி வெளியேற்றி, உள்ளங்கையால் தட்டிப் புத்தகம் போலத் தட்டையாக்குங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். காற்று இல்லாவிட்டால், ஓரங்களில் பழுப்பாக, வறண்டு போகிற அந்தத் திட்டுகளும் குறையும். பையின் மேல் தேதியையும் எழுதிவிடுங்கள்.

கரன்ட் போனால் ஃப்ரீஸரைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே வைத்திருந்தால், நிறைந்த ஃப்ரீஸர் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். கரன்ட் வந்ததும் ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஐஸ் படிகம் இன்னும் நறநறவென்று கைக்குத் தட்டுப்பட்டால், அதைத் திரும்ப உறைய விடலாம்.

வணக்கம்.