சதுர அடி ரேட்டைக் கேட்டு பில்டரை முடிவு பண்ணாதீங்க | குறைஞ்ச பட்ஜெட்ல வீடு கட்டுறவங்களுக்கு

[திரையில்: மூணு சென்ட் மனை. நாலு மூலையிலும் அடிச்ச முளைக்குச்சி, சுண்ணாம்புக் கோடு]

வணக்கம். மூணு சென்ட் இடம் இருக்கு. சேமிப்பு, நகை, பேங்க் லோன் எல்லாம் சேர்த்தா இருபத்தொரு லட்சம் தேறும். அதுக்குள்ள ரெண்டு பெட்ரூம் வச்சு 850 சதுர அடியில ஒரு வீடு முடிக்கணும். இப்படி ஒரு கணக்கோட பில்டர் தேடிட்டு இருக்கீங்களா? இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

பில்டர் முன்னாடி போய் உட்கார்ந்ததும் நாம கேட்கிற முதல் கேள்வி, "சதுர அடி என்ன ரேட்டுங்க?" நாலு பேர்கிட்ட கேட்போம். குறைச்சு சொன்னவர்கிட்ட அட்வான்ஸ் கொடுப்போம். எங்க வீட்டுலயும் அதுதான் நடந்துச்சு. அப்பா ரிட்டயர்மென்ட் பணத்துல கட்டின வீடு. ரூஃப் காங்கிரீட் போட்ட அன்னிக்கு வேலையாளுங்க எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தோம். அடுத்த ஏழு மாசம் ஒரு ஆள் அந்தப் பக்கம் வரலை. ஏன் வரலைங்கிறதைக் கொஞ்சம் கழிச்சு சொல்றேன். முதல்ல அந்த ரேட்டுக்கு வருவோம்.

[திரையில்: ரெண்டு கொட்டேஷன், பக்கத்துல பக்கத்துல]

ஒரு உதாரணக் கணக்கு போடலாம். ஒருத்தர் சதுர அடிக்கு 2,150 ரூபாய் சொல்றார். இன்னொருத்தர் 2,450. 850 சதுர அடிக்கு முதல் ஆள் கணக்கு 18,27,500 ரூபாய், ரெண்டாவது ஆள் கணக்கு 20,82,500. ரெண்டரை லட்சம் மிச்சம்னு நம்ம மனசு உடனே முதல் ஆள் பக்கம் போயிடும்.

இப்ப கொட்டேஷனோட அடியில இருக்கிற சின்ன எழுத்தைப் படிங்க. "சம்ப், செப்டிக் டேங்க் தனி." சம்ப்னா தரைக்கு அடியில கட்டுற தண்ணித் தொட்டி. இது ரெண்டுக்கும் லிட்டர் கணக்குலதான் ரேட் போடுவாங்க. 6,000 லிட்டர் சம்ப், லிட்டருக்கு 22 ரூபாய்னா 1,32,000. 5,000 லிட்டர் செப்டிக் டேங்க், லிட்டருக்கு 20 ரூபாய்னா ஒரு லட்சம். அப்புறம் மாடிப்படி ஹெட்ரூம், அதாவது மொட்டை மாடியில படிக்கு மேல வர்ற சின்ன ரூம். 80 சதுர அடியையும் வீட்டுப் பரப்போட சேர்த்து அதே 2,150 போட்டிருக்கார்னா அது 1,72,000. மூணையும் கூட்டினா 4,04,000. ஆக மொத்தம் 22,31,500. குறைச்சலா சொன்னவர் ஒண்ணரை லட்சம் அதிகமாயிட்டார். ஏன்னா ரெண்டாவது ஆள் இது மூணையும் தன் ரேட்டுக்குள்ளயே சேர்த்திருந்தார்.

அதனால ரேட்டைக் கேட்கிறதுக்கு முன்னாடி, எதை எதை அளந்து சதுர அடிங்கிறீங்கன்னு கேளுங்க. போர்டிகோ முழு ரேட்டா, பாதி ரேட்டா? சன்ஷேட், பரண், மொட்டை மாடி கைப்பிடிச்சுவர் எல்லாம் உள்ளயா, வெளியயா? பேஸ்மட்டம் ரோட்டுல இருந்து எத்தனை அடி உயரம்? ரெண்டடின்னு போட்டுக் கொடுத்துட்டு, மூணடியா ஏத்தணும்னா எக்ஸ்ட்ரான்னு சொல்றது வழக்கமா நடக்கிற விஷயம். டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரைக்கும்? ஒரு ரூமுக்கு எத்தனை லைட் பாயிண்ட், எத்தனை பிளக் பாயிண்ட்? கடைசியா இதையும் கேளுங்க: "சாவியை என் கையில கொடுக்கிற அன்னிக்கு நான் மொத்தம் எவ்வளவு கொடுத்திருப்பேன்?" இதுக்கு ஒரே தொகையா, எழுத்துல பதில் தர்ற ஆளைத்தான் பட்டியல்ல வச்சுக்கணும்.

கொட்டேஷன்ல வர்ற சில வார்த்தைகளைப் பார்த்ததும் பேனாவை எடுத்து வட்டம் போடுங்க. "தரமான சிமெண்ட்." "முதல்தர கம்பி." "அல்லது அதற்குச் சமமான." இந்த மூணுக்கும் எந்த அர்த்தமும் கிடையாது. எந்த பிராண்டு, எந்த கிரேடு, செங்கலா, ஃப்ளை ஆஷ் கல்லா, எம் சாண்ட், அதாவது கல்லை உடைச்சுத் தயாரிக்கிற மணல், எங்க இருந்து வருது, எல்லாத்துக்கும் பேர் இருக்கணும். ஜல்லி உடைக்கிற இடத்துல மிஞ்சுற தூளான கிரஷர் டஸ்ட்டை எம் சாண்ட்னு சொல்லி இறக்குற இடங்கள் உண்டு. ஒரு பிடி ஈர மணலை எடுத்துத் தேய்ச்சுக் கீழ போட்டதும் உள்ளங்கை முழுக்க மாவு மாதிரி ஒட்டிட்டு இருந்தா அந்த லோடைத் திருப்பி அனுப்பிடுங்க.

[திரையில்: வெடிப்பு விட்ட கரிசல் மண்]

மனையைப் பார்க்காம போன்லயே ரேட் சொல்றவரை விட்டுடுங்க. கோவில்பட்டி பக்கம் மாதிரி கரிசல் மண்ணா இருந்தா, அது மழையில உப்பும், வெயில்ல சுருங்கும். அந்த மண்ணுக்குப் போடுற அஸ்திவாரமும் செம்மண் பூமிக்குப் போடுற அஸ்திவாரமும் ஒண்ணு இல்லை. அதே மாதிரி ஸ்ட்ரக்சுரல் டிராயிங். எந்த இடத்துல எவ்வளவு கம்பி போடணும்னு இன்ஜினியர் போட்டுத் தர்ற வரைபடம் அது. பட்ஜெட் கம்மின்னு சொல்லி நம்மாளுங்க முதல்ல வெட்டுறதே இதைத்தான். "எத்தனை வீடு கட்டியிருக்கேன், கம்பி எனக்குத் தெரியாதா"ன்னு மேஸ்திரியும் சொல்வார். அவர் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனா டிராயிங் இல்லாம போடுற கம்பி ஒரு இடத்துல தேவைக்கு மேல போகும், இன்னொரு இடத்துல குறையும். டிராயிங் இருந்தா எத்தனை கிலோ கம்பின்னு நீங்களே கணக்கு பார்க்கலாம். கம்பியோட விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல வகுத்தா ஒரு மீட்டர் கம்பியோட எடை வந்துடும். 12 எம்.எம். கம்பின்னா 144-ஐ 162-ஆல வகுக்கணும், ஏறக்குறைய 0.89 கிலோ. பின்னாடி மாடி எடுக்கிற எண்ணம் இருந்தா அதையும் இப்பவே இன்ஜினியர்கிட்ட சொல்லிடுங்க.

[திரையில்: நடந்துட்டு இருக்கிற ஒரு சைட். சென்ட்ரிங் பலகை, மேல கட்டின கம்பி]

பில்டரோட வேலையைப் பார்க்கணும்னா அவர் காட்டுற போட்டோ ஆல்பம் போதாது. ரெண்டு இடத்துக்கு நேர்ல போகணும்.

ஒண்ணு, இப்ப அவர் வேலை நடக்கிற சைட். சொல்லாம போங்க. ரூஃபுக்குக் கம்பி கட்டி வச்சிருந்தா குனிஞ்சு கம்பிக்கு அடியில பாருங்க. தீப்பெட்டி மாதிரி சின்னச் சின்ன சிமெண்ட் கட்டை வச்சு, கட்டுக்கம்பியால முடிச்சுப் போட்டிருக்கா? அதுக்குப் பேர் கவர் பிளாக். இல்லை, கையில கிடைச்ச ஜல்லியை அங்கங்க சொருகி வச்சிருக்காங்களா? ஜல்லி நடக்க நடக்க நகர்ந்து, கம்பி போய்ப் பலகையில உட்கார்ந்துடும். அப்புறம் கம்பிக்குக் கீழ காங்கிரீட்டே இருக்காது. ஈரம் ஏறி, துரு பிடிச்சு, கம்பி உப்பி, சில வருஷத்துல சீலிங் பொரிஞ்சு கட்டிலு மேல விழும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சாதாரண சூழலுக்கு ரூஃப் ஸ்லாபுக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 கவர் கேட்குது. கவர்னா கம்பியை வெளியில இருந்து மூடி நிக்கிற காங்கிரீட்டோட கனம். சில ரூபாய் பொருள் அது. அதுல கூட அக்கறை இல்லாதவர், பூச்சுக்குள்ள மறைஞ்சு போற வேலையில அக்கறை காட்டுவார்னு எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்படியே தூணைத் தொட்டுப் பாருங்க. சாக்கு சுத்தி ஈரமா இருக்கா, காய்ஞ்சு வெளுத்துக் கிடக்கா? இப்ப பெரும்பாலும் வர்றது ஃப்ளை ஆஷ் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அதுக்குக் குறைஞ்சது 10 நாள் ஈரம் வேணும், 14 நாள் வச்சா நல்லது. தண்ணி ஊத்துறது யார் பொறுப்புன்னும் பில்டர்கிட்ட கேட்டுக்கோங்க. "அது ஓனர் பார்த்துக்கணும்"னு சொல்றவங்களும் இருக்காங்க.

ரெண்டாவது இடம், அவர் கட்டி மூணு நாலு வருஷம் ஆன வீடு. முடிஞ்சா மழை நாள்ல போங்க. ஹாலைப் பார்க்காதீங்க, அது பெயிண்டு. பாத்ரூம் சுவரோட அந்தப் பக்கம், பெட்ரூம்ல பீரோவுக்குப் பின்னாடி பாருங்க. அங்க உப்புப் பூத்து பெயிண்ட் உரிஞ்சிருந்தா ஈரம் கசியுதுன்னு புரிஞ்சுக்கலாம். அந்த வீட்டு அம்மாகிட்ட, "ஏதாவது பிரச்சினைன்னு கூப்பிட்டா வந்து பார்க்கிறாரா அக்கா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்தப் பதில் எந்த விளம்பரத்துலயும் கிடைக்காது.

[திரையில்: எட்டுக் கட்டமா பிரிச்ச பேமெண்ட் அட்டவணை]

இப்ப எங்க வீட்டுக் கதை. அப்பா கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்ட்ல ரூஃப் முடியும்போது 85 சதவீதம் பணம் கொடுத்திருக்கணும்னு இருந்துச்சு. கொடுத்தும் விட்டோம். ரூஃப் ஏறிட்டா வீடு முடிஞ்ச மாதிரி நமக்குத் தோணும். ஆனா பூச்சு, வயரிங், பைப் லைன், டைல்ஸ், கதவு ஜன்னல், பெயிண்ட் எல்லாம் அப்படியே நிக்குது. மிச்சம் 15 சதவீதத்துல அதையெல்லாம் செஞ்சா அவருக்குக் கைநஷ்டம். எங்க பணம் வேற ஒரு சைட்டோட அஸ்திவாரத்துக்குப் போயிடுச்சு. நாங்க வாடகையும் கட்டி, லோன் வட்டியும் கட்டிட்டு இருந்தோம்.

அதனால பணம் எப்பவும் வேலைக்கு ஒரு அடி பின்னாடியே வரணும். அட்வான்ஸ் 5 சதவீதம், மிஞ்சிப் போனா 10. அப்புறம் பேஸ்மட்டம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல போடுற காங்கிரீட் உத்தரம்), ரூஃப், பூச்சு, தரை, ஃபினிஷிங்னு பிரிச்சு, அந்தந்த வேலை முடிஞ்ச பிறகு கொடுங்க. ரூஃப் முடியும்போது கொடுத்தது 55, 60 சதவீதத்தைத் தாண்டாம பார்த்துக்கோங்க. இதுக்கு ஒத்துக்காத பில்டருக்குக் கையில முதல் இல்லைன்னு அர்த்தம். உங்க பணத்துலதான் அவர் அடுத்த மூட்டை சிமெண்ட் வாங்கணும். அவர் எவ்வளவு நல்ல மனுஷனா இருந்தாலும் குறைஞ்ச பட்ஜெட்காரங்க அந்த ரிஸ்க்கை எடுக்கக் கூடாது.

லேபர் காண்ட்ராக்ட் பத்தி நிறைய பேர் கேட்கிறீங்க. பொருளை நாமளே வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் பேசுறது. தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம்னா அந்தக் கூலிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, காசு மிச்சமாகும். ஆனா தினமும் சைட்ல நிக்க வீட்டுல ஒரு ஆள் இருந்தா மட்டும் இதுல இறங்குங்க.

அப்ரூவலுக்குன்னு பெரிய தொகை தனியா கேட்டா ரசீதைக் கேளுங்க. 2,500 சதுர அடி வரைக்குமான மனையில 3,500 சதுர அடிக்குள்ள வீடு கட்ட, 2024 ஜூலையில இருந்து தமிழ்நாட்டுல சுயசான்று முறையில ஆன்லைன்லயே அனுமதி வாங்கலாம்.

எக்ஸ்ட்ரா வேலைன்னு எது வந்தாலும் செய்யறதுக்கு முன்னாடியே ரேட்டை வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க. நம்ம சொந்த மனையில ஒரு வீடு கட்டித் தர்ற காண்ட்ராக்டர் பொதுவா ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள்ள வர மாட்டார், ஏன்னா அது விற்கிறதுக்காகக் கட்டுற பெரிய புராஜெக்ட்டுகளுக்கானது. தகராறு வந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். அங்க அக்ரிமெண்டும், பேங்க் வழியா அனுப்பின பணமும், இந்த வாட்ஸ்அப் மெசேஜும்தான் பேசும். கையில கொடுத்த ரொக்கம் பேசாது.

அக்ரிமெண்ட்ல இன்னும் ஒரு வரி. மொத்தத் தொகையில 5 சதவீதம் நிறுத்தி வைக்கிறதா எழுதுங்க. பங்குனியில கிரகப்பிரவேசம் வச்சீங்கன்னா அன்னிக்கு அதைக் கொடுத்துடாதீங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஒரு தடவை அந்த மொட்டை மாடியில பெய்யட்டும். டார்ச் லைட் எடுத்துட்டு ஒவ்வொரு ரூமா சீலிங்கைப் பாருங்க. ஒழுகலைன்னா, மறுநாள் காலையில அவரைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, அந்தப் பணத்தைக் கையில இல்லாம அக்கவுண்ட்ல போட்டு விடுங்க.