உறைபனியும் கவாத்துக் குச்சியும்
(கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, குன்னூரிலிருந்து வந்திருக்கும் தோட்டக்கலைத் துறை அலுவலர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நேரே இங்கு வந்துள்ள தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். சென்ற கூட்டத்தில் பெயர் விட்டுப்போனதாக வருந்திய தொழிற்சாலை இயக்குநர்களுக்கு இம்முறை தனி வணக்கம்.

குளிர், வறட்சி, உப்பு ஆகிய மூன்றையும் தாவரங்கள் எதிர்கொள்வதில் பாலிஅமீன்களின் பங்கு என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அதற்குமுன், நெல் விளையாத மலையில் நெல்லுக்கான பழமொழியை ஏன் சொல்கிறான் என்று நீங்கள் சிரித்தாலும், என் வழக்கப்படி அதைச் சொல்லிவிடுகிறேன்: ‘அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு.’ நெற்பயிரின் அடித்தாள் நிலத்துக்கு, நடுவிலுள்ள வைக்கோல் மாட்டுக்கு, நுனிக் கதிர் வீட்டுக்கு என்பது அதன் பொருள்.

புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் ஆகியவையே முக்கியமான பாலிஅமீன்கள். முறையே இரண்டு, மூன்று, நான்கு அமீன் தொகுதிகளைக் கொண்ட இச்சிறு மூலக்கூறுகள் செல்லுக்குள் நேர்மின்னேற்றத்துடன் இருப்பதால், எதிர்மின்னேற்றமுள்ள டி.என்.ஏ.வையும் செல்சவ்வையும் பற்றிக்கொண்டு அவற்றை நிலைப்படுத்துகின்றன. அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து புட்ரெசின் உருவாகும் பாதையைத் தொடங்கிவைக்கும் நொதிக்கு, ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் அரபிடாப்சிஸ் செடியில் இரண்டு மரபணுக்கள் உள்ளன. ஒன்று குளிரிலும் மற்றொன்று வறட்சியிலும் உப்பிலும் முனைந்து செயல்படுகின்றன. அவற்றில் ஒன்று பழுதானாலும் அச்செடி உறைநிலையைத் தாங்கும் திறன் குறைகிறது.

நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கிய ஒரு ஜனவரியில், எங்கள் ஊர் மாமா ஒருவர், விடியலில் வெள்ளையாகவும் வெயிலேறியபின் பழுப்பாகவும் மாறி, விரலிடையில் நொறுங்கிய கொழுந்துக் கிளையொன்றை ஒடித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். கடைத் தம்பி கிளையைப் பார்க்கவே இல்லை. ஒரு பாட்டிலை எடுத்து வைத்து, “மாமா, இதைத் தெளித்தால் செடிக்குக் கம்பளி போர்த்திய மாதிரி” என்றான். மாமா விலையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். “அப்படியானால் எனக்கும் இரண்டு ஸ்பூன் ஊற்றிக் கொடு தம்பி, இராத்திரியில் எனக்கும் குளிர்கிறது, கம்பளி வாங்கும் காசு மிச்சமாகட்டும்” என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்ததில் தம்பியும் சிரித்துவிட்டான். மாமா காய்ந்த புல்லைச் சுமந்துவந்து செடிகளை மூடினார். ஆய்வுக்கூடத்தில் பாலிஅமீன் தெளித்துப் பயன் கண்டிருப்பது உண்மையே. அதைக் காட்டி நம் மலைச்சரிவுக்கு உத்தரவாதம் தருவது வியாபாரம்.

இனி வறட்சியும் உப்பும். அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதால் அவற்றை விட்டு, நான் சொல்ல வந்ததற்கே வருகிறேன். 1952ஆம் ஆண்டில் ரிச்சர்ட்ஸ், கோல்மன் ஆகிய இருவர், பொட்டாசியம் போதாத பார்லிச் செடியின் இலைகளில் புட்ரெசின் குவிவதைக் கண்டறிந்தனர். நாம் சாம்பல் சத்து என்போமே, அதன் குறைவை இலை தனக்குள்ளேயே இவ்வாறு பதிந்து வைக்கிறது. அக்குறையுள்ள செடி குளிரையும் வறட்சியையும் தாங்குவதும் கடினம்.

நம் தோட்டங்களில் தழைச்சத்துக்கு அடுத்தபடியாகக் கொழுந்தோடு மிகுதியாக வெளியேறுவது இச்சாம்பல் சத்துதான். கொழுந்து போவதைத் தடுக்க முடியாது. அது நமக்குச் சோறு. ஆனால் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை செடியை வெட்டிக் கவாத்து செய்யும்போது விழும் இலைகளையும் குச்சிகளையும் கட்டுக்கட்டாக அடுப்புக்குச் சுமந்துவிட்டு, மழை அரித்த சரிவில் யூரியாவை மட்டும் இறைக்கிறோம். அடி காட்டுக்கு என்றார்களே பெரியவர்கள், நாம் அடியையும் வீட்டுக்கே கொண்டுபோகிறோம். தடித்த கட்டைகளை விறகுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், தாய்மார்களோடு எனக்குச் சண்டை இல்லை. இலையையும் மெல்லிய குச்சியையும் வரிசைகளுக்கிடையே பரப்பிவிடுங்கள்.

அடுத்த கவாத்துக்கு முன் ஊர்தோறும் மண் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும், சாம்பல் சத்தின் அளவை ஒவ்வொரு விவசாயிக்கும் எழுத்தில் தர வேண்டும் என்னும் கோரிக்கை மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. அலுவலர் அவர்கள் இங்கிருக்கும்போதே அதை அவர் கையில் கொடுக்க விரும்புவதால், தேநீருக்கு எழுமுன் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.