சேர்த்த கூட்டம் யாருடையது?

(கைவினைஞர்களும் ஓவியர்களும் கூடிய ஒரு பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். எனக்கு முன்னால் பேசிய நண்பர், சமூக ஊடகங்களில் பின்தொடர்பவர்களைப் பெருக்கும் வழிகளை அழகாகச் சொன்னார். நான் அதற்கு அடுத்த கேள்வியோடு வந்திருக்கிறேன். அப்படிச் சேர்த்த கூட்டம் யாருடையது?

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. டிக்டாக் அவற்றில் ஒன்று. இந்தியாவில் ஏறத்தாழ 20 கோடிப் பேர் அதைப் பயன்படுத்தி வந்ததாகச் சொல்லப்பட்டது. தடை சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. வயல் வரப்பில் ஆடியும் அடுப்படியில் நடித்தும் பெயர் வாங்கியவர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய ரசிகர்கள் மறுநாளும் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால், "நான் இனி இங்கே இருக்கிறேன், வாருங்கள்" என்று அவர்களுக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. ரசிகர்களின் பட்டியல் டிக்டாக் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஜூலை 8-ஆம் தேதியே இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸை இந்தியாவில் சோதனையாகத் திறந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. பலர் அங்கே போய் முதலிலிருந்து தொடங்கினார்கள். சந்தை இடம் மாறியது, தரைவாடகைக் கடைக்காரர் நிலைமை மட்டும் மாறவில்லை.

அரசு தலையிட்டால்தான் இப்படி நேரும் என்றில்லை. ஒரு காலத்தில் இசைக்கலைஞர்கள் குவிந்திருந்த மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம், சர்வர் மாற்றும்போது பழைய பாடல்களும் படங்களும் அழிந்துவிட்டதாக 2019-இல் ஒப்புக்கொண்டது. போனவை சுமார் 5 கோடிப் பாடல்கள் என்று செய்திகள் கூறின. மூலப்பதிவைத் தன் கையில் வைத்திராதவருக்கு அதோடு கதை முடிந்தது.

இன்ஸ்டாகிராமை விட்டு வெளியேறுங்கள் என்று நான் சொல்லவில்லை. கூட்டம் இருக்குமிடத்தில்தான் கூவி விற்க வேண்டும். கூவியதைக் கேட்டு வந்தவரை உங்கள் பெயரில் உள்ள ஓர் இடத்துக்கு அழைத்துப் போங்கள் என்பதுதான் என் பேச்சு.

அந்த இடம் பிரமாதமாக இருக்க வேண்டியதில்லை. சுடுமண் தோடு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு இணையப் பக்கம் போதும். தோட்டைக் காதில் போட்டபடி ஒரு படம், உள்ளங்கையில் வைத்து இன்னொரு படம். அளவு தெரிய வேண்டும் அல்லவா? எடை எத்தனை கிராம், கொக்கி எந்த உலோகம், வியர்வை பட்டால் சாயம் போகுமா, உடைந்து வந்து சேர்ந்தால் மாற்றித் தருவீர்களா, தபாலில் எத்தனை நாளாகும் என்றெல்லாம் எழுதுங்கள். விலையையும் எழுதுங்கள். படத்தின் கீழே நாற்பது பேர் "விலை என்ன?" என்று கேட்க, நாற்பது பேருக்கும் "இன்பாக்ஸ் பாருங்கள்" என்று பதில் போடும் பழக்கத்தை யார் தொடங்கி வைத்தார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாதிப் பேர் அந்த இடத்திலேயே நகர்ந்துவிடுகிறார்கள். பணம் வாங்க யூபிஐ இருக்கிறது. பெரிய கடைச் செயலி இல்லாமலே தொடங்கலாம்.

வாங்கியவரிடம், "புதிய வடிவம் வந்தால் தெரிவிக்கலாமா?" என்று கேளுங்கள். சரி என்றவரின் பெயரையும் மின்னஞ்சலையும் ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள். சம்மதிக்காதவரை விட்டுவிடுங்கள், நச்சரித்துப் பெற்ற முகவரியால் வியாபாரம் நடக்காது. இருநூறு பேர் கொண்ட அந்தத் தாள், இருபதாயிரம் பின்தொடர்பவர்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எந்தச் செயலி மூடினாலும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

இனி டொமைன் பெயர், அதாவது இணையத்தில் உங்கள் பக்கத்தின் முகவரி. ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஓராயிரத்துச் சொச்சம் வரை ஆகும். தமிழிலேயே வேண்டுமென்றால் '.இந்தியா' என்று முடிகிற முகவரியும் உண்டு. ஆனால் தட்டச்சு செய்யச் சிரமப்படும் வாடிக்கையாளருக்காக ஆங்கில எழுத்தில் ஒன்றும் வைத்திருங்கள். இதில் நம்மவர்கள் வழக்கமாகச் சறுக்குவது விலையில் அல்ல, பதிவில். தளம் செய்து கொடுத்தவர் தன் கணக்கிலேயே பதிந்துவிடுவார். அவரோடு மனஸ்தாபம் வந்தால் உங்கள் கடைப்பெயர் அவரிடம் மாட்டிக்கொள்ளும். சிலர் வீட்டில், பாஸ்வேர்டு பிள்ளையிடம் இருக்கும், பிள்ளை பெங்களூரில் இருக்கும். உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைபேசி எண்ணில் பதியுங்கள்.

புதுப்பிக்கும் தேதியையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அட்டையிலிருந்து தானாகப் பணம் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடைமுறைக்கு வந்தபோது பல வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அப்படிப் பணம் போகாமல் நின்றது. '.காம்' முகவரி காலாவதியானால் பதிவு நிறுவனம் சில வாரம் பொறுக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனிக் கட்டணம், அதுவும் கொஞ்சமல்ல. அதையும் தவறவிட்டால் மேலும் 5 நாளில் அந்தப் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், முந்திக்கொள்பவர் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த அமர்வில் அவரவர் கணக்கைத் திறந்து, பதிவு யார் பெயரில், எந்தத் தேதி வரை என்று பார்க்கப் போகிறோம். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், கைபேசியில் சார்ஜ் இருக்கட்டும்.