போய்வருகிறேன் என்று சொன்னால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் வீடுகளில் யாரும் "போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்குவதில்லை. சொன்னால் பாட்டி விடமாட்டார். "போய்வருகிறேன் என்று சொல்லு" என்று திருத்தி அனுப்புவார். தனியாக மலை ஏறும் பழக்கம் உள்ளவன் நான். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு குறை உண்டு. எங்கே போய், எந்த வழியாக, எத்தனை மணிக்கு வருவேன் என்பது அதில் இல்லை.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. எனக்கு மதுரை. வங்கியில் குமாஸ்தாவாக இருந்த நாட்களில் விடுமுறை கிடைத்தால் சதுரகிரிக்குக் கிளம்பிவிடுவேன். அதனால் எங்கள் வீட்டில் மலை என்றால் சதுரகிரிதான். ஒரு சனிக்கிழமை "மலைக்குப் போய்வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பஸ் நிலையத்தில் ஒருவர், அங்கே நேற்று நல்ல மழை, மேலே விடமாட்டார்கள் என்றார். வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. பக்கத்தில் திண்டுக்கல் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்து, சிறுமலைக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதை. மாலை நான்கு மணி இருக்கும். ஈரக் கல்லில் கால் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. ஊன்ற முடியவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. சிக்னலைத் தேடித் தேடியே இரவு பத்து மணிக்குள் சார்ஜும் தீர்ந்தது. பலாமரத்தடியில் உட்கார்ந்தபடி விடிய விடியக் குளிரில் நடுங்கினேன். சிறுமலையில் இன்றும் குதிரைகள் மீது வாழைத்தார் ஏற்றி இறக்குகிறார்கள். மறுநாள் காலை அப்படிக் குதிரை ஓட்டி வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, தாரோடு தாராக என்னையும் ஏற்றி ரோட்டில் கொண்டுவந்து விட்டார். அதே நேரத்தில் என் மைத்துனர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சதுரகிரியின் தாணிப்பாறை அடிவாரத்தில் என் புகைப்படத்தை ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். தேடியவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. தேடிய மலைதான் வேறு.

உலகம் அறிந்த ஒரு சம்பவம் உண்டு. 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆரோன் ரால்ஸ்டன் என்ற இளைஞர் ஒரு குறுகிய பாறைப் பிளவுக்குள் தனியே இறங்கினார். பெயர்ந்து விழுந்த பாறை அவருடைய வலது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாட்களுக்கு மேல் அங்கேயே நின்றார். கடைசியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய துணிச்சலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. எங்கே போகிறேன் என்று அவர் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நமக்குப் பக்கத்தில், பாலக்காடு மாவட்டம் மலம்புழாவில், 2022 பிப்ரவரியில் ஓர் இளைஞர் செங்குத்தான பாறை இடுக்கில் சிக்கினார். தண்ணீர்கூட இல்லாமல் ஏறத்தாழ 45 மணி நேரம். ராணுவ வீரர்கள் கயிறு கட்டி இறங்கி மீட்டார்கள். அவர் எந்தப் பாறையில் இருக்கிறார் என்பது முதல் நாளே தெரிந்திருந்தது. இடம் தெரிந்தே அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது என்றால், தெரியாமல் இருந்தால் என்னவாகியிருக்கும்?

சிறுமலைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுத்தான் நான் கிளம்ப வேண்டும். மலையின் பெயர், ஏறும் வழி, இறங்கும் வழி, சட்டையின் நிறம். அதோடு இரண்டு நேரங்கள். ஒன்று, நான் திரும்பும் நேரம். இன்னொன்று, அதற்கு மேல் காத்திருக்காமல் அவசர உதவி எண் 112-ஐ அழைக்க வேண்டிய நேரம். இந்த இரண்டாவது நேரத்தைப் பலர் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் "வந்துவிடுவார், வந்துவிடுவார்" என்றே இரவைக் கழிப்பார்கள். போலீசுக்குச் சொன்னால் கௌரவக் குறைவோ என்ற தயக்கமும் சேர்ந்துகொள்ளும். நேரத்தை எழுதிவைத்தால் அந்தத் தயக்கத்துக்கு வேலை இல்லை. வழியில் திட்டம் மாறினால், சிக்னல் இருக்கும்போதே சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி.

எங்கே தனியாகப் போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் காப்புக்காடுகளுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு விதிகள் கடுமையாயின. 2024 முதல் வனத்துறையே நாற்பது பாதைகளைத் திறந்து, உள்ளூர் மக்களை வழிகாட்டிகளாகப் பழக்கி அனுப்புகிறது. அந்தப் பாதைகளில் வழிகாட்டி இல்லாமல் நடக்கவே ஆசைப்படாதீர்கள். யானைச் சாணம் காலையில் விழுந்ததா, நேற்று விழுந்ததா என்பது அவருக்குத் தெரியும். உங்களுக்கும் எனக்கும் தெரியாது. தனியாகப் போவோர் பெரும்பாலும் போவது கோயில் மலைகளுக்குத்தான். வெள்ளியங்கிரி, பர்வதமலை, சதுரகிரி. கூட்டம் இருக்கிறதே என்ற தைரியம். கூட்டத்தில் இருந்தாலும் உங்களை யாருக்கும் தெரியாது என்றால் நீங்கள் தனியாள்தான்.

வெள்ளியங்கிரியில் பருவம் தவறாமல் ஒரு செய்தி வருகிறது: மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மரணம். ஏழு மலைகளையும் இரவோடு இரவாக ஏறி இறங்கிவிட வேண்டும் என்ற வேகம் ஒரு காரணம். நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாமல் குளிர்ந்த வியர்வை. இதில் எது வந்தாலும் உட்கார்ந்துவிடுங்கள். பக்கத்தில் வருபவர் யாராக இருந்தாலும் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லுங்கள். இன்னும் ஒரு மலைதானே என்று எழுந்திருக்காதீர்கள்.

சதுரகிரியில் ஆபத்து ஓடைகளில். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே எங்கோ பெய்த மழை மாங்கனி ஓடையில் திடீரென்று இறங்கும். 2015 மே மாதத்தில் அப்படி வந்த வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது. தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், ஓடையில் இறங்க வேண்டாம். உள்ளே இருந்தால் உடனே கரையேறுங்கள். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று நினைப்பவர்களைத்தான் அது சாய்க்கிறது. மலை ஓடை மழை நின்றால் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். காத்திருக்கலாம்.

பையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தினமும் சாப்பிடும் மாத்திரை, தீப்பெட்டி, தனியான ஒரு டார்ச். செல்போன் வெளிச்சத்தை டார்ச் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு மழைக்கோட்டு, நனைந்த உடம்பில் காற்று அடித்தால் நம் மலைகளிலும் உடல் சூடு இறங்கி ஆள் மயங்குவான். பிறகு ஒரு துண்டு. வெயிலுக்குத் தலையில், காயத்துக்குக் கட்டாக, ஒடிந்த கைக்குத் தூளியாக, தேடுபவர்கள் கண்ணில் பட மரக்கிளையில் கொடியாக. வெள்ளை வேண்டாம், சிவப்போ மஞ்சளோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விசிலும் வேண்டும். தொண்டை கட்டிப்போகும், விசில் கட்டாது. ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை. மலையேறுபவர்கள் நடுவே இது உதவி கேட்கும் அடையாளம். இரவில் டார்ச்சை அதே கணக்கில் அணைத்து ஏற்றலாம். பதிலுக்கு மூன்று முறை கேட்டால் யாரோ வருகிறார்கள். வெளிநாட்டு நண்பர்கள் செயற்கைக்கோள் வழியாகப் பேசவும் செய்தி அனுப்பவும் உதவும் கருவிகளைச் சிபாரிசு செய்வார்கள். இந்தியாவில் அவற்றை அரசு அனுமதியின்றி வைத்திருந்தால் வழக்கு வரும். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு.

வழி தவறியது தெரிந்தவுடன் கால் தானாக வேகமெடுக்கும். அதுதான் கெடுக்கிறது. உட்காருங்கள். இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது என்று யோசியுங்கள். அங்கே திரும்ப முடியும் என்றால் திரும்புங்கள், முடியாவிட்டால் நகராதீர்கள். ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊருக்கு முன்னால் அருவி வரும். செல்போனை விமானப் பயன்முறையில் போட்டால் சார்ஜ் நீடிக்கும். இருக்கும் இடத்தை அது சிக்னல் இல்லாமலும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகக் காட்டும். பிறகு விமானப் பயன்முறையை எடுத்துவிட்டு அந்த எண்களைக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பாருங்கள். பேச முடியாத இடத்திலும் சில நேரம் குறுஞ்செய்தி போய்விடும். உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி கோபுரம் வழியாக 112 கிடைக்கக்கூடும்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு ஆள் கூப்பிடுங்கள். அட்டை கடித்தால் பயப்பட ஒன்றுமில்லை, அது குடித்தது போக மீதி உங்களுக்குத்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பர்வதமலைக்குப் போகிறேன். காலண்டர் தாள் எழுதி ஆகிவிட்டது. மாலை ஆறு மணிக்கு இறங்கி அடிவாரம், எட்டு மணிக்குப் போன் வராவிட்டால் 112. என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "எட்டு என்றால் கடிகாரத்து எட்டா, உங்கள் எட்டா?" கடிகாரத்து எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வணக்கம். போய்வருகிறேன்.